எனக்கு மனசில்லை என்று ஏன் சொன்னேன்

கண்ணு,

பட்டறைக்குப் பின்னால் இருக்கிற அறையிலேயே நீ தங்க ஆரம்பித்துவிட்டாய். சாப்பாட்டுக்கு மெஸ் வைத்துக்கொண்டாய் என்பதையும் உன் பட்டறை ஆட்கள் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். போன் செய்தால், "வேலையா இருக்கேன்ம்மா" என்று வைத்துவிடுகிறாய். நேரிலேயே பேசிவிடலாம் என்று ஒரு நாள் பஸ் ஏறிக் கணபதியில் இருக்கிற உன் பட்டறைக்கே வந்தேன். நீ லேத்துக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாய். பக்கத்தில் ஆர்டர் கொடுக்க வந்த யாரோ இரண்டு பேர். அடுத்தவர்கள் இருக்கும்போது எனக்கு வாய் வராது என்பது உனக்குத் தெரியும். டிபன் பாக்ஸை ஸ்டூலின்மேல் வைத்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன். அதனால்தான் எழுதுகிறேன். ஒன்பதாவதோடு நின்றுபோன படிப்புதான் என்றாலும், வாரப் பத்திரிகைகளை விடாமல் படித்து வந்ததில் எழுத்து மட்டும் என்னை விட்டுப் போகவில்லை. பொறுமையாகப் படி. படித்துவிட்டு யாரிடம் காட்ட வேண்டும் என்று தோன்றுகிறதோ அவர்களிடம் காட்டு. உனக்குப் பேசி வைத்திருக்கிற பெண்ணிடம் காட்டினாலும் எனக்கு வருத்தமில்லை. நாளைக்கு அவளிடமும் யாராவது வந்து இதே கேள்வியைக் கேட்கலாம்.

உன்னைச் சபையில் சேர்ப்பது பற்றி என்னைக் கேட்க அந்த இரண்டு பேர் வந்துபோன அன்று, அவர்களுடைய கார் தெருமுனையைத் தாண்டுவதற்குள் நீ என்னைப் பார்த்துக் கத்தினாய். "ஏம்மா, ஆட்சேபணை இல்லீங்கன்னு ஒரு வார்த்தை சொல்றதுக்கு உங்களுக்கு என்ன கேடு? பெத்த புள்ள பொழப்புல மண்ணை அள்ளிப் போட்டுட்டீங்களே!" நான் அடுப்படிக்குள் போய் டம்ளர்களைக் கழுவினேன். மூட நம்பிக்கை பிடித்த அம்மா, நாலு பேர் பேசியதைக் கேட்டுப் பயந்து கெடுத்துவிட்டாள் என்று நீ முடிவு கட்டிக்கொண்டாய். அது அப்படி இல்லை. ஆனால் பயப்படவில்லை என்று சொன்னால் அதுவும் பொய்யாகிவிடும்.

முதன்முதலில் நீ இதைச் சொன்னபோது எனக்கு ஒன்றுமே விளங்கவில்லை. "லாட்ஜுல மெம்பர் ஆகப் போறேன்ம்மா" என்றாய். "ரூம் போட்டுத் தங்கறதுங்களா சாமி?" என்று கேட்டேன். நீ விழுந்து விழுந்து சிரித்தாய். பிறகு உட்கார்ந்து விளக்கினாய். வெள்ளைக்காரன் காலத்தில் ஆரம்பித்த சகோதர சபை, ஆண்கள் மட்டும்தான், மாதம் ஒரு சாயங்காலம் கோட்டுப் போட்டுக்கொண்டு கூடுவார்கள், ஒருவரை ஒருவர் பிரதர் என்றுதான் கூப்பிடுவார்கள், ஏழைகளுக்குக் கண் ஆபரேஷன் செய்து வைப்பார்கள், பள்ளிக்கூடங்களுக்கு பெஞ்சு வாங்கித் தருவார்கள். அதுவரைக்கும் எனக்குச் சந்தோஷம்தான். அதற்கப்புறம் நீ சொன்ன இரண்டு விஷயங்கள் என்னைத் தைத்தன. உள்ளே நடப்பதை வெளியே யாரிடமும் சொல்லக் கூடாது என்று சத்தியம் செய்ய வேண்டும் என்றாய். புதிதாக ஒருவரைச் சேர்ப்பதற்கு ஒரு பெட்டிக்குள் உருண்டை போட்டு ஓட்டெடுப்பார்கள், கறுப்பு உருண்டை ஒன்றே ஒன்று விழுந்தாலும் ஆள் அவ்வளவுதான், போட்டவர் யார் என்றும் தெரியாது என்றாய். இத்தனை பூட்டுப் போட்டு வைக்கிற அளவுக்கு அந்த வீட்டுக்குள் என்ன இருக்கிறது என்றுதான் எனக்குத் தோன்றியது.

மாடி வீட்டுச் சரசக்காவிடம் வாய் தவறி இதைச் சொல்லிவிட்டேன். மறுநாளே அது போனும் கையுமாக இறங்கி வந்துவிட்டது. "ஏனுங் அம்மணி, தெரிஞ்சுதான் பையனை உடறீங்களா? கண்ணைக் கட்டி, கழுத்துல கயித்தைப் போட்டு, ரூமுக்குள்ள இழுத்துட்டுப் போவாங்களாமா. மண்டையோட்டு மேல கையை வெச்சு சத்தியம் வாங்குவாங்களாமா. எங்க மருமவன் வீடியோவே வெச்சிருக்கான்."

"போன வாரம் வேப்பெண்ணெய் குடிச்சா சக்கரையே வராதுன்னு ஒரு வீடியோ காட்டுனீங்களே, அதும் உங்க மருமவன் அனுப்புனதுதானுங்க அக்கா?"

"அது வேறங்க, இது வேற. இதுல இங்கிலீஸ்காரனே பேசறான்."

சிரித்தாலும் அந்த வீடியோவை நான் முழுக்கப் பார்த்தேன். மண்டையோட்டையும் கயிற்றையும் நான் நம்பவில்லை. நம்பினாலும் பயப்பட மாட்டேன். கண்ணைக் கட்டிக் கூட்டிப் போகிறவன் கட்டை அவிழ்த்துத்தான் வெளியே விடுவான். எனக்கு இருந்த சந்தேகம் சின்னது, பழையது. அண்ணன் தம்பி என்று சத்தியம் செய்துகொண்ட ஆண்களில் ஒருவன் தப்புச் செய்தால், மற்றவர்கள் என்ன செய்வார்கள்? அந்தச் சந்தேகம் எனக்கு எங்கிருந்து வந்தது என்று உன்னிடம் இதுவரை சொன்னதில்லை.

அன்னூர்ப் பக்கம் எங்கள் தோட்டத்தை நீ பார்த்திருக்கிறாய். நான் ஒன்பதாவது படித்தபோது அங்கே கிணற்று மோட்டாருக்குக் கரண்டு கிடைக்காமல் உன் தாத்தா அலைந்துகொண்டிருந்தார். அந்த வட்டாரத்துப் பெரிய மனிதர்கள் சேர்ந்து ஒரு சங்கம் வைத்திருந்தார்கள். இப்போது அது இல்லை. உறுப்பினர்கள் எல்லாரும் மாரியம்மன் கோயிலில் சூடம் அணைத்துச் சத்தியம் செய்வார்கள், ஒருவனுக்கு ஒன்று என்றால் எல்லாரும் நிற்பது என்று. சங்கத்தில் சேர்ந்தால் தலைவர் சொல்லி லைன் இழுத்துக் கொடுத்துவிடுவார் என்று யாரோ எங்கப்பாவிடம் சொன்னார்கள். சேர்ந்தார். சொன்னபடியே மோட்டாரும் ஓடியது. தண்ணீர் வாய்க்காலில் விழுந்த அன்று எங்கப்பா வேட்டியோடு அதில் உட்கார்ந்துவிட்டார். அவர் அப்படிச் சிரித்து அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை. சங்கத்தை நான் வெறுத்தேன் என்று நினைக்காதே. அன்றைக்கு எனக்கும் அது சாமி மாதிரிதான் இருந்தது.

அந்தக் கோடையிலேயே தலைவரின் தம்பி ஓட்டிவந்த ஜீப் எங்கள் தோட்டத்து வாசலுக்கு எதிரே செல்வியை இடித்தது. செல்வி என் வகுப்புப் பெண். சைக்கிளில் ஓரமாகத்தான் வந்துகொண்டிருந்தாள். ஜீப்தான் ரோட்டை விட்டு மண்ணில் இறங்கி அவளை அடித்தது. கால் எலும்பு முறிந்துவிட்டது. வாசலில் அப்பா நின்றுகொண்டிருந்தார். அவருக்குச் சோறு கொண்டுவந்த தூக்குப்போசியோடு பக்கத்தில் நான் நின்றேன். வேறு யாரும் அங்கே இல்லை. விசாரிக்க வந்தவர்களிடம் எங்கப்பா, "புள்ள தடுமாறிக் குறுக்க உளுந்துருச்சுங்க, வண்டி மேல தப்பில்லீங்க" என்றார். ராத்திரி சோறு போடும்போது நான் சொன்னேன்.

"செல்வி ஓரமாத்தானுங்கப்பா வந்தா. நானும் பாத்தனுங்க."

"நீ ஒண்ணும் பாக்கல சாமி."

"பாத்தனுங்கப்பா. உங்க பக்கத்துலதான நின்னேன்."

"பாக்கலைன்னு சொல்றனில்ல!" அப்பா தட்டை நகர்த்திவிட்டு எழுந்தார். என்னை அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. வெளியில் போய்க் கிணற்று மேட்டில் உட்கார்ந்துகொண்டார். பள்ளிக்கூடம் திறந்தபோது நான் பாவாடை, தாவணி எல்லாம் துவைத்து மடித்து வைத்திருந்தேன். அப்பா என் முகத்தைப் பார்க்காமல், "மாடு கன்னு பாக்க ஆளில்லை, இந்த வருசம் போக வேண்டாம்" என்றார். கட்டுப் போட்ட காலோடு செல்வி அதே வகுப்புக்கு வருவாள். நான் அவள் பக்கத்தில் உட்காருவேன். உட்கார்ந்தால் பேசுவேன். அதுதான் காரணம். அந்த ஒரு வருஷம் அதற்குப் பிறகு முடியவே இல்லை. எனக்குக் கல்யாணம் பேசியபோது, "பொண்ணு ரொம்ப அடக்கம், வாயே தொறக்காது" என்று பெருமையாகச் சொன்னார்கள்.

உன் தாத்தா கெட்டவர் இல்லை, கண்ணு. உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு வரப்பு வரப்பாக நடந்தவர். மோட்டார்க் கரண்டுக்காகச் சங்கத்துக்குள் போனவரிடம், அந்தக் கரண்டைக் காட்டியே வாயை மூடச் சொன்னார்கள். அவரால் மறுக்க முடியவில்லை. எதுவும் வேண்டாம் என்று உள்ளே போயிருந்தால் மறுத்திருப்பாரோ என்னவோ. எனக்கு அது இன்றைக்கும் தெரியாது. ஆனால் ஒரு கூட்டத்தில் சேருகிறவனைப் பார்த்தால், இவன் என்ன வேண்டும் என்று போகிறான் என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

உங்கப்பா எதிலும் சேராதவர். அதற்காக அவரைப் பெரிய ஞானி என்று நினைக்க வேண்டாம். கூட்டம் என்றாலே அவருக்குத் தலைவலி, அவ்வளவுதான். ஆனால் ஒரே ஒரு தடவை சொந்தத்தை நம்பி வேலை செய்தார். என் சித்தப்பா மகன், உனக்குத் தெரியும், சிங்காநல்லூரில் இரும்பை உருக்கி வார்க்கிற வார்ப்படம் வைத்திருந்த மாமா, அவரிடமிருந்து காஸ்டிங் வாங்கினார். லேத்தில் போட்டுக் கடையக் கடைய உள்ளே ஓட்டை ஓட்டையாக வந்தது. வேறு ஆளாக இருந்தால் அன்றைக்கே வண்டியில் ஏற்றித் திருப்பி அனுப்பியிருப்பார். மாமாவிடம் எப்படி அனுப்புவது? பொங்கலுக்கு வருவார், நம் வீட்டில் உட்கார்ந்து சாப்பிடுவார். "மச்சானுக்கு மனசு சங்கடமாயிரும் புள்ள" என்று சொல்லிச் சொல்லியே அத்தனையையும் பழைய இரும்புக்குப் போட்டார். அந்த மாமாவுக்குக் கடைசிவரை அது தெரியாது. "என்ன மாப்ள, நம்ம காஸ்டிங் எப்பிடி? வெண்ணெயாட்டம் கடைய வருதுங்களா?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார். உங்கப்பாவும், "வெண்ணெயேதானுங்க மச்சான்" என்பார். நானும் நீயும் அடுப்படியில் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்போம். உனக்கு அப்போது விவரம் தெரிகிற வயசு. மறந்திருக்க மாட்டாய்.

இதெல்லாம் மனசுக்குள் ஓடிக்கொண்டிருந்தபோதுதான் ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டே நீ சொன்னாய். "ஒருக்கா உள்ள போயிட்டாப் போதும்மா. நாம ஆர்டருக்கு நாயா அலையற பம்பு கம்பெனி இருக்குதுல்ல, அதோட பர்ச்சேஸ் மேனேஜரும் அங்கதான் மெம்பரு. பிரதர்னு ஆயிட்டா அப்பறம் கொட்டேஷனாவது ஒண்ணாவது. ஜாப் ஆர்டர் தானா வரும்." சொல்லிவிட்டு, இன்னொரு தோசை கேட்டாய். நான் ஊற்றினேன். அப்போதே கேட்டிருக்கலாம். கொட்டேஷன் பார்க்காமல் உனக்குக் கொடுக்கிற ஆர்டரை அந்த மேனேஜர் வானத்திலிருந்தா எடுத்துக் கொடுப்பார்? உன்னை மாதிரி ஒருவன் எங்கேயோ ஒரு ஷெட்டில் லேத்துப் போட்டு, சரியான விலை எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருப்பான். அவனிடமிருந்து எடுத்துத்தான் கொடுப்பார். அதற்கப்புறம் அவர் விலையைக் குறைத்தால் உனக்குத் திருப்பிப் பேச வாய் வருமா? உங்கப்பாவுக்கு வரவில்லையே.

அதன் பிறகு நீ எனக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தாய். "ரெண்டு பேரு வீட்டுக்கு வருவாங்கம்மா. அப்பா இல்லாததால உங்களைக் கேப்பாங்க. சும்மா சம்பிரதாயம்தான். சிரிச்சுட்டு, ஆட்சேபணை இல்லீங்கன்னு சொல்லிப்போடுங்க. வேற ஒண்ணும் பேச வேண்டாம்." நான் சரி என்றேன். அன்றைக்குக் காலையிலேயே மாவு ஆட்டி, வெல்லம் சேர்த்துக் கச்சாயம் சுட்டு வைத்தேன். உன் சட்டையை இஸ்திரி போட்டேன். உண்மையாகவே, நீ சொல்லிக் கொடுத்ததைச் சொல்லிவிடுவது என்றுதான் இருந்தேன்.

வந்தவர்களைப் பார்த்ததும் என் சந்தேகம் இன்னும் கொஞ்சம் ஏறியது. ஒருவர் கோட்டைமேட்டில் மரக்கடை வைத்திருக்கிற பாய், எழுபது வயசு இருக்கும். இன்னொருவர் கண் டாக்டர், நடுத்தர வயசு. இரண்டு பேரும் வாசலிலேயே செருப்பைக் கழற்றினார்கள், நான் உட்காரும்வரை உட்காராமல் நின்றார்கள். நம் வீட்டுக்கு வந்த எந்த ஆண்பிள்ளையும் நான் உட்காரட்டும் என்று நின்றதில்லை. இவ்வளவு மரியாதை எதற்கு, பழக்கி அனுப்பியிருக்கிறார்களோ என்றுதான் முதலில் நினைத்தேன். கச்சாயத்தைப் பார்த்ததும் பாய், "இனிப்பு எனக்கு ஆகாதுங்கம்மா. ஆனா டாக்டரைப் பக்கத்துல வெச்சுக்கிட்டுத் தின்னா ஒண்ணும் பண்ணாது" என்று ஒன்றை எடுத்தார்.

"நான் கண்ணு டாக்டருங்க பாய், சக்கரை டாக்டர் இல்லை."

"அப்ப நீங்க கண்ணை மூடிக்குங்க" என்று இன்னொன்றையும் எடுத்தார். நீயும் சிரித்தாய். எனக்கும் சிரிப்பு வந்தது.

அப்புறம் பாய் கையைத் துடைத்துக்கொண்டு உன்னிடம் கேட்டார். "தம்பி, ஒண்ணு கேக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க. இதுல சேந்தா தொழிலுக்கு ஒத்தாசையா இருக்கும், நாலு பெரிய ஆளுங்க பழக்கம் வரும், அப்பிடின்னு ஏதாச்சும் நெனப்பு இருக்குதுங்களா? இருந்தாலும் பரவால்ல, சொல்லிப்போடுங்க. பேசிக்கலாம்."

"சேச்சே, அதெல்லாம் ஒண்ணுமே இல்லீங்க! எனக்கு ஆண்டவன் புண்ணியத்துல தொழில் நல்லாப் போகுதுங்க. சேவை செய்யணும், அவ்வளவுதானுங்க" என்றாய் நீ. தடுமாறாமல் சொன்னாய். அவர் கண்ணைப் பார்த்தே சொன்னாய். கொட்டேஷனாவது ஒண்ணாவது என்று சொன்ன அதே வாய். நான் உன் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். ஜீப் செய்தது ஒன்றாக இருக்க, எங்கப்பா வேறொன்று சொன்னாரே, அன்றைக்கு நான் நின்ற இடத்திலேயே மறுபடி நிற்கிற மாதிரி இருந்தது. இத்தனை நாளாக அந்தச் சபைக்காரர்களையே சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தவளுக்கு, அந்த அறையில் சந்தேகப்பட வேண்டிய ஆளாக என் பிள்ளைதான் தெரிந்தான்.

பாய் என் பக்கம் திரும்பினார். "அம்மா, மாசத்துல ஒரு சாயங்காலம் தம்பி எங்ககூட இருப்பாரு. அங்க நடக்கறதை எல்லாம் வந்து உங்ககிட்டச் சொல்ல மாட்டாரு. ஊட்டுல இருக்கறவங்களுக்கு மனசில்லாம நாங்க யாரையும் எடுக்கறதில்லைங்கம்மா. உங்களுக்கு எப்பிடி? மனசுல பட்டதைச் சொல்லுங்க." சொல்லிவிட்டு, அவர் சும்மா உட்கார்ந்திருந்தார். உன்னைப் பார்க்கவில்லை, டாக்டரைப் பார்க்கவில்லை. என் பதிலுக்காகக் காத்திருந்தார்.

நீ யோசித்துப் பார். என்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தும்போது யாரும் கேட்கவில்லை. கல்யாணத்தின்போது ஜாதகத்தைத்தான் கேட்டார்கள். உங்கப்பா மாதிரி நல்ல மனுஷன்கூட வீட்டை அடமானம் வைத்துவிட்டு வந்துதான் சொன்னார். நீயும் என்னைக் கேட்கவில்லை கண்ணு. நான் என்ன பதில் சொல்ல வேண்டும் என்று மட்டும் சொன்னாய். கேட்டுவிட்டுக் காத்திருந்தது அந்த மனுஷன் ஒருவர்தான். அவருக்கு முன்னால் ஏற்கெனவே ஒரு பொய் சொல்லியாகிவிட்டது. அதன் பக்கத்தில் இன்னொரு பொய்யைச் சேர்த்து வைக்க எனக்கு வாய் வரவில்லை. உன் பொய்யை அங்கேயே சொல்லிவிடவும் வாய் வரவில்லை. மற்றவர்கள் முன்னால் உன்னைத் தலைகுனிய வைத்துவிட்டு நான் என்ன செய்யப் போகிறேன்? அதனால், "எனக்கு மனசில்லீங்க" என்று மட்டும் சொன்னேன். குரல் எனக்கே கேட்டிருக்காது. ஆனால் அவருக்குக் கேட்டது.

டாக்டர், "ஏனுங்கம்மா, என்ன காரணம்?" என்று ஆரம்பித்தார். பாய் கையமர்த்தினார். "காரணம் சொல்ல வேண்டியதில்லைங்க டாக்டர். அவங்களுக்கு மனசில்லை, அவ்வளவுதான்." அப்போது நீ சிரித்துச் சமாளிக்கப் பார்த்தாய். "அம்மா பழைய ஆளுங்க. பள்ளிக்கூடமே முழுசாப் போகல. யாரோ எதையோ சொல்லிப் பயமுறுத்தியிருப்பாங்க. நான் பேசிச் சரிபண்ணிக்கறேனுங்க." பாய் டம்ளரைக் கீழே வைத்தார். "நாங்க அவங்களைத்தான தம்பி கேட்டோம்?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. ஆனால் உன் சிரிப்பு நின்றுவிட்டது.

நீ வீட்டுக்குள்ளேயே நின்றுவிட்டதால் வாசலில் நடந்தது உனக்குத் தெரியாது. செருப்பை மாட்டிக்கொண்டிருந்தவரிடம், எங்கிருந்து தைரியம் வந்ததோ, நான் கேட்டுவிட்டேன். "ஏனுங்க, பொம்பளைங்களைச் சேத்துக்க மாட்டீங்க. எங்க சம்மதம் மட்டும் எதுக்குங்க?" அவர் சிரித்தார். "எங்கூட்டு அம்மாவும் கல்யாணமான நாள்ல இருந்து இதைத்தானுங்கம்மா கேக்குது. இன்னும் பதில் கண்டுபிடிக்கல." அப்புறம், "ஒரு மாசம் போகட்டும், மறுக்கா ஒருக்கா வாரேன். அப்பவும் மனசில்லைன்னா உட்ருவோம். தம்பி மேல கோவிச்சுக்காதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் கடைசியாகச் சொன்னது எதற்காக என்று எனக்கு இன்றுவரை ஒரு யோசனை. உன் பொய் அவருக்கும் தெரிந்திருக்குமோ?

இதை வைத்து அம்மா அந்தச் சபைக்குச் சாட்சி சொல்கிறாள் என்று எண்ணிவிடாதே. ஒரு பெரியவர் நல்லவராக இருந்தால் அவருக்குப் பின்னால் இருக்கிற அத்தனை பேரும் நல்லவர்கள் ஆகிவிட மாட்டார்கள். எங்கப்பாவின் சங்கத்திலும் தங்கமான மனுஷர்கள் இருந்தார்கள், ஜீப் விஷயத்தில் அத்தனை தங்கமும் வாயை மூடிக்கொண்டிருந்தது. நீ சொன்ன மேனேஜர் நிஜமாகவே பிரதர் என்று ஆர்டரைத் தூக்கிக் கொடுக்கிறவர் என்றால், அங்கே அந்த மாதிரி இன்னும் எத்தனை பேரோ! சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்குகிற இடத்தில் எதைச் சொல்லக் கூடாது என்பதை எனக்கு யாரும் சொல்லவில்லை. கும்பிடுகிற முறையா, கைகுலுக்குகிற முறையா, அதையெல்லாம் நீ சொல்லாவிட்டால் எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை. ஒரு ஜீப்பைப் பார்த்துவிட்டு வந்து நீ என்னிடம் சொல்லாமல் இருப்பாயா என்பதுதான் என் கவலை. அந்தச் சத்தியத்தைச் செய்வதற்கு முன்னாலேயே நீ அவர்களிடம் ஒரு பொய் சொல்லிவிட்டாய். அப்புறம் அந்தச் சத்தியம் எதன்மேல் நிற்கும்? எனக்கு உன்மேல் கோபம் இல்லை. பெட்டிக்குள் கறுப்பு உருண்டை போட்டது நான்தான் என்று நீ பட்டறை ஆட்களிடம் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். இருக்கட்டும். வேறு யாரோ போட்டிருந்தால் உனக்குக் காரணமே தெரிந்திருக்காது. நான் போட்டதால் இத்தனை பக்கம் எழுதிச் சொல்கிறேன்.

நேற்று பாய் போன் செய்தார். "வர்ற ஞாயித்துக்கெழம வரலாமுங்களாம்மா?" என்று கேட்டார். வாங்க என்று சொல்லிவிட்டேன். நீ வருவாயா என்று கேட்டார். வருவான் என்றேன். உன்னைக் கேட்காமல் சொன்னேன், இந்த ஒரு தடவை பொறுத்துக்கொள். அவர் தொழிலைப் பற்றி மறுபடி கேட்டால், உள்ளதைச் சொல். "ஆமாங்க, ஆர்டர் கெடைக்கும்னுதான் நெனச்சேனுங்க" என்று சொல். கடன் இருக்கிறது, அப்பா விட்டுப்போன லேத்து ஒன்றுதான் ஓடுகிறது, இரவில் தூக்கம் வரவில்லை, கல்யாணம் வேறு வருகிறது. இதில் எதைச் சொன்னாலும் எனக்கு வெட்கமில்லை, உனக்கும் வேண்டாம். அவர் கேட்காவிட்டால் நீயாகச் சொல். அதைச் சொல்லி முடித்த பிறகு அவர் என் பக்கம் திரும்பினால், எனக்கு ஆட்சேபணை இல்லை என்று சொல்லிவிடுகிறேன். இது சத்தியம்.

நீ உள்ளதைச் சொன்னதும் அவர்கள் கொஞ்சம் யோசிக்க வேண்டும் என்று எழுந்து போய்விட்டால், மனசைத் தளரவிடாதே. கொஞ்ச நாள் கழித்து நீயே தேடிப் போ. சேரத் தகுந்த இடமாக இருந்தாலும் இருக்கும். அப்படியில்லாமல், அதைக் காதில் வாங்கிக்கொண்டே, "அதனாலென்னங்க தம்பி, நமக்குள்ள என்ன இருக்குது" என்று அன்றைக்கே உன்னைத் தோளில் தட்டிச் சேர்த்துக்கொண்டார்கள் என்றால், அன்றிலிருந்து நான் சந்தேகப்படப் போவது அவர்களை. அப்போது உன்னைப் பார்த்துக்கொள்ள உள்ளே ஒரு ஆள்கூட இருக்க மாட்டான். வெளியே நான் ஒருத்தி இருப்பேன்.

பாய் சாயங்காலம்தான் வருவார். நீ காலையிலேயே வந்துவிடு.

வழி பார்த்திருக்கும்,
அம்மா